கிரி, வயது இருபத்தொன்று

பாடத்துக்காகக் கம்ப்யூட்டரில் ஓடுகிற சர்வரை நிறுத்தியதும் குமரவேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கேமராவில் தெரிகிற மேல்பாதிக்கு இஸ்திரி போட்ட சட்டை, தெரியாத கீழ்ப்பாதிக்குக் கட்டம் போட்ட லுங்கி. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிற பிள்ளைகளிடம் "ஆகண்டி, ஆகண்டி" என்று தெலுங்கில் பொறுத்திருக்கச் சொல்வார். இவருக்குத்தான் பொறுமை இருக்காது. சர்வர் மறுபடி எழுவதற்குள் கண்ணாடியை நாலு முறை துடைத்திருப்பார்.

வார நாட்களில் அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மௌலா அலியில் வீட்டு முன்னறையிலிருந்தே ஆன்லைனில். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். பாட்டனார் ரயில்வே பட்டறை வேலைக்காக அரக்கோணத்திலிருந்து வந்தவர். பேரன் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கிண்டிப் பாடம் நடத்துகிறார். பிள்ளைகளுக்குப் புரிகிறது, அது போதும்.

செஷன் என்றால் என்னவென்று மனைவி வேதாவுக்கும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். "வெப்சைட்டுக்கு நாம யாருன்னு ஞாபகமே இருக்காது வேதா. அதனால சர்வர் நம்ம பேர்ல ஒரு பொட்டி வெச்சுக்கும். அதான் செஷன். சர்வர் நின்னா பொட்டியும் போச்சு. போகாம இருக்கணும்னா உள்ள இருக்கறதக் கழட்டி டிஸ்க்ல எழுதி வெக்கணும். குவார்ட்டர்ஸ் மாத்தறப்ப கட்டிலக் கழட்டி லாரில ஏத்தி, புது வீட்ல திரும்ப மாட்டறோமில்ல, அந்த மாதிரி." அப்படிக் கழற்றி மாட்ட ஒத்துக்கொள்கிற பொருளுக்குத்தான் சீரியலைசபிள் என்று பெயர்.

பொருள் என்று அவர் எப்போதும் எடுத்துக்கொள்வது ஒரு மாணவனை. பெயர் கிரி, பிறகு வயது. கிரி அவருடைய ஒரே பிள்ளை. அவன் எல்.கே.ஜி.யில் சேர்ந்த வருடம் பாடத்தில் வயது நாலு. பிறந்தநாள் வரும்போதெல்லாம் மறக்காமல் எண்ணை மாற்றிவிடுவார். "டாடி, அமீர்பேட்ல பாதிப் பேருக்கு என் வயசு தெரியும். எனக்குப் பொண்ணு பாக்கறப்ப ஒண்ணு ரெண்டு குறைச்சுக்கூடச் சொல்ல முடியாது" என்று பையன் கேலி செய்வான்.

போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் டெங்கு வந்தது. ஒரே வாரம்தான். பிள்ளை போய்விட்டான். பாடத்தில் எண் இருபத்தொன்றோடு நின்றுவிட்டது. பெயரை எடுத்துவிடலாம் என்று நினைத்தும் குமரவேலுக்கு மனம் வரவில்லை.

செஷன் பாடம் வருகிற ஞாயிறுகளில் வேதா அடுப்பை அணைத்துவிட்டு, கேமராவில் படாமல் கதவுத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். சர்வர் நிற்கும்போது திரைச்சீலையைப் பிடித்துக்கொள்வார். சர்வர் எழுந்ததும் குமரவேல் பக்கத்தைப் புதுப்பித்து, "கிரி ஒச்சேசாடு" என்று சொல்வார். கிரி வந்துவிட்டான். வேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போவார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

"திரும்பி வர்றது அதே கிரிதானே?" என்று வேதா ஒருநாள் கேட்டார். இண்டர்வியூவில் கேட்கிற கேள்வி அது. போனது வேறு, வந்தது வேறு. அதே விவரங்களை வைத்துப் புதிதாகக் கட்டியது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்கிற பதில். "ஹவ், ஆமா, அவன்தான்" என்றார் குமரவேல். ஜாவாவைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.

லாக் அவுட் பண்ணினால் என்ன ஆகும் என்றும் வேதா கேட்டிருந்தார். "பொட்டியோட அழிஞ்சிடும். அப்புறம் சர்வர எத்தன தடவ ஏத்தினாலும் வராது." அதைக் கேட்ட பிறகு வேதா அன்று சாப்பிடவில்லை. அதிலிருந்து லாக் அவுட் வருகிற இடத்தில் குமரவேலுக்கு நேரம் முடிந்துவிடும், இல்லையென்றால் நெட் போய்விடும். பிள்ளைகள் புகார் செய்தார்கள். நிலையத்தை நடத்தும் பிரசாத் நல்ல மனிதர். இந்த ஞாயிறு அதை நடத்தாவிட்டால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வகுப்பு போனால் வேதா எதைக் கேட்க உட்காருவார்?

அந்த ஞாயிறும் கிரி வந்தான். ஆனால் வேதா எழுந்து போகவில்லை. தேஜஸ்வினி என்ற பெண் மைக்கைப் போட்டு, சார், இன்றைக்காவது லாக் அவுட் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டாள். குமரவேல் அதற்கான வரியை அடித்தார். லாக் அவுட் பொத்தான் திரையில் வந்தது. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தவர், அப்படியே உட்கார்ந்திருந்தார். நெட் நின்றுவிட்டதா என்று ஒரு பையன் கேட்டான்.

"ஒக்க நிமிஷம்" என்றார். கிரி என்ற பெயரை எழுத்தெழுத்தாக அழித்தார். அந்த இடத்தில் குமரவேல் என்று அடித்தார். இருபத்தொன்றை எடுத்துவிட்டு ஐம்பத்தாறு போட்டார். பக்கத்தைப் புதுப்பித்தார். திரையில் அவர் பெயரும் வயதும் வந்தன. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்து வெகுநாளாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவர் சாமியிடம் கேட்டதும் இந்த மாற்றத்தைத்தான்.

"இப்ப பாருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லி, அம்புக்குறியை மறுபடி லாக் அவுட்டுக்கு நகர்த்தினார்.

வேதாவுக்கு ஜாவா தெரியாது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கதவுத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கேமராவில் விழுகிறோம் என்ற நினைப்பே இல்லை. "நக்கோங்க, வேணாம்" என்று சொல்லி, மவுசோடு சேர்த்துக் கணவரின் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.