ஆசாரி அடித்த வளையம்

பேரனுக்குக் கூடைப்பந்து வாங்கி வந்திருக்கிறார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் வளையமும் வந்தது. மாடிச் சுவரில் நாலு திருகாணி போட்டு மாட்டியும் ஆயிற்று. பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. பந்தை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தேன். மருமகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பந்து என்றால் எனக்கு எண்ணெய் வாசனை வர வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அறுபதுகளில் எங்கள் பந்து தோல் பந்து. செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய் தடவ வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. கைக்கு எட்டியது மல்லாட்டை எண்ணெய்தானே, அதையே தாராளமாகத் தடவினேன். மறுநாள் காலையில் பார்த்தால் எலி ஒரு பக்கத் தையலைத் தின்றுவிட்டிருந்தது. அன்றிலிருந்து பந்தை மண்டி விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். வியாபாரத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "இன்னா செட்டியாரே, பூசணிக்காயா?" என்பார்கள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நைனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பந்து வாங்கியது நைனாவின் பணத்தில். அதனால் நான்தான் கேப்டன். இதைத் தவிர அந்தப் பதவிக்கு எனக்கு வேறு தகுதி இருந்ததாக நினைவில்லை. ஓடினால் மூச்சு வாங்கும், நின்றால் கால் பின்னும்.

கோட்டைக்குப் போகிற பாதையோரம் ஒரு கட்டாந்தரையைக் கொத்திச் சமன் செய்து, ஒரு பனைமரத் துண்டை நட்டோம். அடுத்து வளையம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்கிற ஆசாரியிடம் போனோம். வளையத்துக்கு என்ன அளவு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பந்தையே அவர் கையில் கொடுத்து, "இந்தப் பந்து உள்ள பூந்து போவணும்" என்றேன். அவர் நூல் வைத்துச் சுற்றளவு பார்த்தார். சக்கரத்துக்குப் பட்டை அடிக்கிறவர் அல்லவா, இம்மி பிசகாமல் அடித்துக் கொடுத்துவிட்டார். பந்தை மேலிருந்து நேராக விட்டால் உராய்ந்துகொண்டு இறங்கியது.

"இன்னா ஆசாரி, இவ்ளோ இறுக்கமா இருக்குது?"

"பந்து போவணும்னீங்க. போவுதில்ல?"

போயிற்று, உண்மைதான். ஆனால் தோல் பந்து நாளாக நாளாக ஊதிக்கொண்டே வந்தது. வளையம் ஊதவில்லை. பாதி நேரம் பந்து உறியில் வைத்த தயிர்ச்சட்டி மாதிரி வளையத்தில் உட்கார்ந்துகொள்ளும். யாராவது பனைமரத்தில் ஏறித் தட்டிவிட வேண்டும். மலையிலிருந்து வருகிற குரங்குகள் சுற்றி உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும்.

அந்த வளையத்துக்குள் பந்தைப் போட எங்களில் ஒருவனால்தான் முடிந்தது. அவன் ஏழுமலை. எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். நிலம் கிடையாது, அப்பா கிடையாது, கல்யாணத்துக்கு நிற்கிற தங்கை உண்டு. நாள் முழுக்க மூட்டை சுமந்துவிட்டுச் சாயங்காலம் வந்து நிற்பான். இரண்டு கையாலும் பந்தை ஏந்தி, ஒரு கணம் வளையத்தைப் பார்த்து விடுவான். பந்து விளிம்பில் மோதித் தெறிக்காமல் மேலிருந்து செங்குத்தாக விழும். வேறு எப்படி விழுந்தாலும் அதில் நுழையாதே! நாங்கள் மற்ற நால்வரும் கொஞ்ச நாளிலேயே முயற்சியைக் கைவிட்டோம். பந்து யார் கைக்கு வந்தாலும் ஏழுமலையிடம் கொடுத்துவிடுவது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆட்டம்.

அவன் என்னைச் "சின்னவரே" என்பான். நான் அவனை "டா" போட்டுத்தான் பேசுவேன். அவன் என்னைவிட மூத்தவன். அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

திண்டிவனத்தில் ஒரு போட்டி என்று தகவல் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே ஏதோ ஓர் ஆலையில் கூடைப்பந்து டீம் நடத்துகிறவர். ஆட்டத்துக்கு ஆள் எடுத்தால் ஆலையில் நிரந்தர வேலை. ஏழுமலையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக மண்டிக்கே வந்துவிட்டார். மூட்டையை இறக்கிவிட்டு வந்து நின்றவனிடம், "திண்டிவனம் வர்றேன் தம்பி. பாயிண்ட் போடுற ஆளுதான் எனக்கு வேணும். அத மட்டும்தான் பாப்பேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவன் இல்லாத நேரமாகப் பார்த்து நாங்கள் நால்வரும் பேசி முடித்தோம். திண்டிவனத்தில் நம்மில் ஒருவனும் வளையத்தை நோக்கிப் பந்தை எறியக் கூடாது. எல்லாம் ஏழுமலைக்கு. எப்படியும் நாங்கள் எறிகிற வழக்கமே இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் பெரிய தியாகம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனோம்.

மல்லாட்டை லாரியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். டிரைவர் பக்கத்தில் நைனா. சரக்கு இறக்கத்தான் வருவதாகச் சொல்லிக்கொண்டார். இறக்கிய பிறகும் போகவில்லை.

மைதானத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தவன் அதிர்ந்துவிட்டேன். வளையம் அண்டா வாய் அகலத்துக்கு இருந்தது. இது ஏதோ ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றிவிட்டது. கேப்டன் அல்லவா, விறுவிறுவென்று நடுவரிடம் போனேன்.

"சார், வளையம் ரொம்பப் பெருசா இருக்குது. இதுல ஆட மாட்டோம்."

நாற்காலி போட்டு, டேப் வைத்து அளந்து காட்டினார்கள். சட்டப்படி சரியான அளவு. "உங்க ஊர்ல எவ்வளவு தம்பி?" என்று நடுவர் கேட்டார். நான் கையால் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்றைக்கும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அது காதில் விழுகிறது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில், "இதுல யாரு போட்டாலும் வுழும் போலருக்கே" என்றான்.

ஆட்டம் தொடங்கியது. ஆசாரி வளையத்தில் பழகியவனுக்கு இந்த வளையம் ஒரு பொருட்டா? எங்கிருந்து விட்டாலும் விழுந்தது. ஆலைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

திண்டிவனத்துக்காரர்கள் முட்டாள்களா என்ன? பாதி ஆட்டத்துக்குப் பிறகு அவனைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டார்கள். எங்களை யாரும் சீண்டவே இல்லை. நாங்கள் பந்தை அவனிடம் கொடுப்பதும், அவர்கள் பிடுங்கிக்கொண்டு ஓடுவதுமாக ஆயிற்று. முன்னால் இருந்தவர்கள் பின்னால் போனோம்.

அப்போதுதான் ஏழுமலை பந்தை என்னிடம் போட்டான். என்னைச் சுற்றி ஈ காக்கை இல்லை. "போடுங்க சின்னவரே!" என்றான். எனக்கு ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. அவனிடமே திருப்பிப் போட்டேன். அவன் மறுபடி என்னிடம் போட்டான்.

"சின்னவரே, போடுங்க!"

"நீயே போடுறா! உன் வேலைடா அது!"

மறுபடி அவனிடம் எறிந்தேன். கல்யாண வீட்டில் இரண்டு பேர் மொய்க்கவரை மாற்றி மாற்றித் திணித்துக்கொள்கிற மாதிரி இருந்திருக்கும். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. மூன்று பேருக்கு நடுவிலிருந்து துள்ளி எழும்பிப் பந்தை என் நெஞ்சில் அடித்தான் ஏழுமலை. கூடவே ஒரு கத்தல்.

"டேய்! போடுறா!"

நைனா கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவன், அவர் மகனை, நாலு ஊர் ஜனங்களுக்கு முன்னால். அதை யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. பயத்தில் போட்டுவிட்டேன். விழுந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பந்து அது.

அப்புறம்தான் ஏழுமலையின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மூன்று பேர் அவன்மேல் பாய்ந்தால் பந்து எங்கள் நால்வரில் ஒருவன் கையில் இருக்கும். அவர்கள் எங்கள் பக்கம் திரும்பினால் அவனே வளையத்துக்குள் இறக்கிவிடுவான். எங்கள் நால்வரில் ஒருவனான தையல்கடைக்காரர் மகன்கூடப் போட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்களுக்கு ஒரு பந்து விழும்போதெல்லாம் நான் ஆலைக்காரரைத்தான் பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

கடைசி நிமிடம், சமநிலை. ஏழுமலை போடப்போகிறான் என்று எல்லோரும் எழும்ப, பந்து அவன் கைக்கு அடியில் நழுவி என்னிடம் வந்தது. எறிந்தேன். வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. பார்த்தால், தெறித்த இடத்தில் ஏழுமலை ஏற்கெனவே நின்றிருந்தான். அலட்டிக்கொள்ளாமல் எடுத்துப் போட்டான். விசில் ஊதிவிட்டார்கள்.

"நான் வுட்டுடுவேன்னு உனக்கு எப்பிட்றா தெரியும்?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"போடுன்னுதானே சொன்னேன். வுழும்னா சொன்னேன்?"

ஆலைக்காரர் எழுந்து வந்தார். அவர் ஏழுமலையின் வெறும் காலைப் பார்த்து, "ஷூ இருக்குதா?" என்றார்.

"இல்ல சார்."

"சரி, அங்க வாங்கிக்கலாம். திங்கக்கிழமை வந்துடு."

அவ்வளவுதான் பேச்சு. ஏழுமலை மைதானத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, சந்தோஷத்தில் அழுதேன்.

திரும்பும்போது லாரியில் நைனா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அந்த "டேய்" பற்றிக் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். லாரி வல்லம் தாண்டியது. அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் ஒரு அதட்டுப் போட்டதும் செஞ்சியே. கடையில நான் கத்துனா இன்னா பண்றே?" டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஏழுமலை சென்னைக்குப் போனான். தங்கை கல்யாணம் நடந்தது. லீவில் வரும்போதெல்லாம் மண்டிக்கு வந்து, "சின்னவரே, நல்லா இருக்கீங்களா?" என்பான். "டேய்னு கூப்புடேன்டா" என்றால், "அது கிரவுண்டுலதான்" என்பான். அதற்காகவே அவனைப் பனைமரத்தடிக்கு அழைத்துப் போவேன். ஆடுகளத்தைச் சுற்றி நாங்கள் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனதும் "டேய்" வரும். வெளியே வந்தால் மறுபடி சின்னவர்தான். அந்தக் கோடு எங்களுக்குள் பல வருஷம் இருந்தது. நைனாவெல்லாம் காலமான பிறகு, தலை நரைத்த ஒரு நாளில், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கூட்டத்துக்கு நடுவே, "டேய், எனக்கு சக்கரை கம்மியா சொல்றா" என்றான். அதை எதிர்பார்க்கவே இல்லை. டீ மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஆசாரியின் வளையம் ஒரு புயலில் விழுந்தது. எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் கிடந்தது, பிறகு பழைய இரும்புக்குப் போயிருக்கும். மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபத்துக் கார்கள் நிற்கின்றன. மண்டியும் இல்லை. போன ஐப்பசியில் ஏழுமலையும் போய்விட்டான். இப்போது எனக்கு எங்கே போனாலும் ஐயா, சார், தாத்தா. எல்லோரும் நல்ல பிள்ளைகள். என்னை டேய் என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

பேரன் பந்தை என் கையில் கொடுத்து, "தாத்தா, போடுங்க" என்றான். போட்டேன். வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. எடுத்துப் போட அங்கே ஏழுமலை நிற்கவில்லை.