யூனிஸம்மாவின் ஞாயிறு வகுப்பு

ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழ்ச் சபையில் ஒரு பெண் இறந்துபோனால், கோயில் மணி அடிக்கும் முன்பே செக்ரட்டரி ஓஸ்வால்டின் சைக்கிள் லிங்கராஜபுரத்துக்குக் கிளம்பிவிடும். அங்கே ஓட்டு வீட்டு வரிசையின் கடைசி அறையில் யூனிஸ் குடியிருந்தாள். சபையின் பெண் பிரேதங்களைக் குளிப்பாட்டி, தலைவாரி, வெள்ளைச் சேலை உடுத்திப் பெட்டியில் கிடத்துவது அவள்தான். அந்த வேலைக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது.

1949ல் அந்தப் பக்கம் பெரியம்மை கண்டபோது, கல்யாணமாகி நாலே மாதமான ஒரு பெண் இறந்தாள். பெண்கள் சங்கத்தார் கேட் வரை வந்து கீர்த்தனை பாடினார்கள். உள்ளே போக ஒருவருக்கும் கால் வரவில்லை. யூனிஸ் அப்போதே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ரயில்வேயில் கலாசியாக இருந்த புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சின்ன வயதில் அவளுக்கே அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. ஒரு தடவை வந்தவர்களுக்கு அது மறுபடி வராது என்று வார்டில் சொல்லக் கேட்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வெந்நி போடுங்க, சோப்பு குடுங்க" என்று உள்ளே நுழைந்தாள். வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் தாய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, சபையார் கொண்டுவரும் பண்டங்களைக் கோயிலுக்காக ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை வரும்வரை. அந்த வருஷம் அவள் உருட்டிக்கொண்டுபோன ரவா லாடுத் தட்டை ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஏலம் போட்டவர் இரண்டு தடவை கூவிப் பார்த்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். பிறகு திருவிருந்தில் கவனித்தாள். எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிற சபை அது. அவளுக்கு அடுத்து முழங்காலிட வேண்டிய பெண்கள் குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோலப் பெஞ்சிலேயே இருந்துகொண்டார்கள். அன்றிலிருந்து எல்லாரும் எழுந்துபோன பிறகே அவள் முன்னால் போனாள்.

1954 தை மாதம் ஜோதிநாயகம் ஐயர் சபைக்குப் புதுப் போதகராக மாற்றலாகி வந்தார். இளம் வயது, வந்த வேகம். "சபைன்னா பெஞ்சுல உக்காந்துட்டுப் போற எடம் இல்லை. ஆளுக்கு ஒரு ஊழியத்துல கை கொடுக்கணும்" என்று பிரசங்கத்தில் சொல்லி, வாசல் மண்டபத்துச் சுவரில் நாலு தாள்களை ஒட்டினார். பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, நோயாளிகளைச் சந்தித்தல், கோயில் அலங்காரம். எதில் விருப்பமோ அதில் பேர் எழுதவேண்டும். யூனிஸ் செய்துவந்த வேலைக்குத் தாள் இல்லை. கூட்டம் கலையும்வரை குழாயடியில் நின்றிருந்துவிட்டு, முதல் தாளில் தன் பேரைப் பென்சிலால் எழுதினாள்.

மறுவாரம் ஓஸ்வால்ட் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அரசாங்க ஆபீசில் குமாஸ்தா அவர். யாரையும் நோகடிக்காமல் பேசத் தெரிந்தவர்.

"யூனிஸம்மா, நோயாளிங்கள பாக்கற லிஸ்ட்ல பேர் போட்டுக்கலாமே. ஆஸ்பத்திரி வேலை உங்களுக்குப் பழக்கம்தானே?"

"சீக்கா கெடக்கறவங்க வீட்டு வாசல்ல நான் போய் நின்னா, அவங்களுக்கு எப்டி சார் இருக்கும்?"

ஓஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஐயரிடம் போய்ச் சொன்னார். ஐயரோ எதையும் யோசிக்காமல், "தாராளமா எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கோயிலின் பக்கத்து வராந்தாவில் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பை அவளுக்குக் கொடுத்தார்கள். எட்டுப் பிள்ளைகள், ஒரு கோரைப்பாய். யூனிஸுக்குத் தமிழ் வாசிக்கவும் தன் பேரை எழுதவும் மட்டும்தான் தெரியும். ஆனால் ஊசிக்கு அழுகிற பிள்ளைகளைக் கதை சொல்லியே அடக்கிப் பழகினவள். யோனாவை மீன் விழுங்கியதைச் சொல்லும்போது முந்தானையைத் தலைமேல் விரித்து முதல் வரிசைப் பிள்ளைகளை மூடிவிட்டாள். அவர்கள் போட்ட கூச்சலில் உள்ளே பாட்டுப் பயிற்சி நின்றுபோயிற்று. இத்தனை வருஷத்தில் அந்தக் கோயிலில் அவளால் யாரும் சிரித்தது அன்றுதான்.

மூன்றாவது வாரம் ஆறு பேர் வந்தார்கள். ஒரு பிள்ளைக்குச் சளி என்றார்கள், ஒரு பிள்ளை பெரிய வகுப்புக்குப் போய்விட்டது என்றார்கள். ஈஸ்டருக்குப் பிறகு மூன்று பேர். ஒரு நாள் குழாயடியில் ஒரு தாய் இன்னொருத்தியிடம், "அந்தக் கையாலதானே பிள்ளைங்களுக்குப் பெப்பர்மிட்டு குடுக்கறா" என்று சொன்னது யூனிஸின் காதில் விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து மிட்டாயை நிறுத்தினாள். அப்படியும் மழைக்காலம் தொடங்குமுன் பாயில் ஒரே ஒரு பிள்ளைதான் மிஞ்சியது. வயலட்.

வயலட்டின் தாய் ஹெப்சிபா பிரேசர் டவுனில் தையல் வேலை செய்தாள். ஐயர் வகுப்பைக் கலைத்துவிடலாமா என்று கேட்டபோது அவள்தான் குறுக்கே வந்தாள்.

"இருக்கட்டும் ஐயா. ஊர்ல ஆயிரம் சொல்வாங்க. எம் பொண்ணு வாரம் பூரா இவங்க கதையத்தான் சொல்லினு திரியறா."

யூனிஸ் பக்கம் திரும்பி, "நீங்க நடத்துங்க அக்கா. நான் அனுப்பறேன்" என்றாள்.

அந்த ஒரு பிள்ளைக்காக யூனிஸ் சனிக்கிழமையே சேலை துவைத்துக் காயப்போட்டாள். வயலட்டுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. 'ச' வரும் வசனமெல்லாம் காற்றாகத்தான் வெளியே வரும். ஒரு நாள் அவள் யூனிஸின் கன்னத்தை விரலால் தொட்டு, "டீச்சர், ஒங்க மொகத்துல மழ பேஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல பேஞ்சுது."

"வலிச்சுதா?"

அதை அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் சொல்வதற்கு வயலட்டுக்கு ஒரு சங்கீதம் கற்றுக்கொடுத்தாள். பாதிவரை பிழையில்லாமல் வந்துவிட்டது. நவம்பர் இரண்டாவது ஞாயிறு வயலட் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை காலை ஓஸ்வால்டின் சைக்கிள் வந்து நின்றது. வழக்கமாக இறங்கும்போதே பேரைச் சொல்லிவிடுகிறவர், அன்று ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார்.

"யாரு சார்?"

"ஹெப்சிபா வீட்ல. சின்னது. தொண்டை அடைப்பான். மூணே நாள்."

யூனிஸ் போனாள். கூடத்தில் பெஞ்சுமேல் கிடத்தியிருந்தார்கள். கழுத்து வீங்கியிருந்தது. வெந்நீரை விளாவி, முழங்கையால் சூடு பார்த்து, உயிருள்ள பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலவே கண்ணில் சோப்பு படாமல் நெற்றியில் கை அணைத்து ஊற்றினாள். தலையைத் துவட்டி, வகிடெடுத்து, இரட்டைச் சடை பின்னினாள். ரிப்பன் ஒன்றுதான் கிடைத்தது. அதை இரண்டாகக் கத்தரித்துக் கட்டினாள்.

ஹெப்சிபா கதவைத் திறந்து உள்ளே வந்தாள். அழுது ஓய்ந்த முகம். பிள்ளையைப் பார்க்காமல் யூனிஸின் கைகளையே பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க தொட்டதாலயா?"

"இல்லம்மா. இது ஒட்டற நோவு. எங்க வார்டுலயே போன மாசம்..."

போன மாதம் அவள் வார்டில் இரண்டு பிள்ளைகள் இதே நோயில் இறந்திருந்தன. சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடித்து, அங்கிருந்து நேராக ஞாயிறு வகுப்புக்கு வந்த வாரங்களும் உண்டு. கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவினாள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கழுவினாளா? சேலை? முந்தானை? ஹெப்சிபா அவள் கைகளை மறுபடி பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஐயர் லிங்கராஜபுரத்துக்கு வந்து ஜெபம் பண்ணினார். "உங்க மேல தப்பு இல்லம்மா. ஜனங்க பேசறத மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

"ஜனங்க பேசறது வேற, ஐயா. வார்டுல அந்த நோவு இருந்திச்சு. நான் அங்கேர்ந்து நேரா பிள்ளைகிட்ட வந்திருக்கேன்."

ஐயர் திகைத்துப்போனார். "டாக்டரக் கேட்டீங்களா?"

"கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னாரு."

ஐயர் வேதப்புத்தகத்தைப் பிரித்தார். சில பக்கங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு எதையும் வாசிக்காமல் மூடினார். வகுப்பை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்துவதற்குப் பாயில் யாரும் இல்லை. புத்தாண்டுக்குள் ஹெப்சிபா குடும்பம் தொம்மலூர்ப் பக்கம் குடிபோய்விட்டது. போகிறபோது யூனிஸிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் ஓஸ்வால்ட் மறுபடி வந்தார். சபையின் விதவை இல்லத்தில் ரேச்சல் என்ற கிழவி இறந்திருந்தாள். உறவென்று யாரும் இல்லாதவள்.

"நான் வரல சார்" என்றாள் யூனிஸ்.

"என்னம்மா இப்டி சொல்றீங்க? வேற யாரு இருக்காங்க?"

"இந்தக் கைய எது மேலயும் வெக்க பயமா இருக்குது சார். செத்தவங்களானாலும் சரி."

ஓஸ்வால்ட் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். ஞாயிறன்று கோயில் காவல்காரர் யூனிஸிடம் வந்து, கேட்காமலேயே எல்லாம் சொன்னார். சங்கத்துப் பெண்கள் யாரும் வரவில்லையாம். பொம்பளை உடம்பை ஆம்பளைகள் எப்படிக் குளிப்பாட்டுவது? வாந்தி எடுத்த சேலையோடேயே பெட்டியில் வைத்து, மேலே வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட்டார்களாம். தலையில் சிக்குகூட எடுக்கவில்லையாம்.

அன்று மத்தியானம் யூனிஸ் அடுப்பு மூட்டவில்லை. போனாலும் பாவம், போகாவிட்டாலும் பாவம் என்று ஆகிவிட்டதே, இனி எந்தப் பக்கம் திரும்புவது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணப் பார்த்தாள். வயலட்டுக்குச் சொல்லிக்கொடுத்த சங்கீதம்தான் வாயில் வந்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டாள்.

அடுத்த சாவுக்கு ஓஸ்வால்ட் வந்தபோது அவரோடு கிளம்பினாள். நடந்துகொண்டே ஒன்றைமட்டும் கேட்டாள்: "பிள்ளைங்களுக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீங்க சார்."

"சத்தியமா கூப்பிடமாட்டேம்மா" என்றார் ஓஸ்வால்ட்.

ஜோதிநாயகம் ஐயர் வேலூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர் வீட்டுச் சுவரை வெள்ளையடிக்கச் சொன்னதோடு, அந்த நாலு தாள்களையும் கிழித்துவிட்டு மண்டபத்துச் சுவரையும் வெள்ளையடிக்கச் செய்தார். யூனிஸ் வழக்கம்போல எல்லாருக்கும் கடைசியில் போய்த் திருவிருந்து எடுத்துக்கொண்டாள். மாசத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ சைக்கிள் வந்தது.

1958 ஆகஸ்டில், விடாத தூறலில், ஓஸ்வால்ட் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். பேரைச் சொல்லவில்லை. யூனிஸ் வயதைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வேற யாரும் வரமாட்டேன்றாங்கம்மா" என்றார்.

அவள் உள்ளே போய்க் கைகளைக் கழுவினாள். இன்னொரு தடவை கழுவினாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.