படங்கு மாட்டிய ஞாயிறு

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள் நான். யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்து, கொழும்புக் காட்சிக்கூடம் ஒன்றில் சில வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, பதுளையில் தொடங்கிய சிறிய கலை மையத்துக்கு இயக்குநராக வந்தேன். எந்தப் படைப்பை எங்கே, எப்படி வைப்பது என்று தீர்மானிப்பதும் என் வேலைதான். அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. கேட்பவர்களிடம் "படம் மாட்டுற ஆபீஸ்" என்று சொல்லிவைத்தார்.

இரண்டாவது வருடம் கொழும்பிலிருந்து ஒரு சிங்களச் சிற்பி வந்தார். என் வயதுதான் அவருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி கீறாமல், பனி நனைக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட வேண்டும் என்றார். பழையவை வேண்டும், உழைத்தவை வேண்டும் என்றார். எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் பேசினேன். பழையதற்குப் பதில் புதுசு தருவதாகச் சொல்லி முப்பது படங்குகளை வாங்கி வந்தேன். புதுசுக்குப் பண்டாரவளைக் கடையில் சொல்லியிருந்தேன்.

இரண்டு நாள் ரசமட்டம் வைத்து, அளவு நாடா பிடித்து, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் மாட்டினோம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஞாயிறு திறப்பு. ஆனால் கடைக்காரர் சொன்ன நாளில் புதுப் படங்குகள் வந்து சேரவில்லை.

திறப்பு முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் ஆறு பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவர் எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும், மற்றவர்களிடம் மாற்றுப் படங்கு இருக்கிறது, எங்களிடம் இல்லை, படங்கு இல்லாமல் மலையில் நிற்க முடியாது, அதுதான் வந்தோம் என்றார். என் முகம் சுண்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

அவர்கள் கோபப்படவில்லை. சுவரைச் சுற்றி நடந்து, தையலையும் ஒட்டுத் துண்டையும் பார்த்துத் தங்களுடையதைக் கண்டுபிடித்தார்கள். பெரியம்மா ஒன்றின் முன் நின்றார்.

"இது தலகீழா தொங்குது புள்ள."

ஆணியிலிருந்து அவரே கழற்றித் திருப்பினார். கயிற்றை இடுப்பில் கட்டுவதுபோலவே இழுத்து முடிச்சுப் போட்டு மறுபடி மாட்டினார். தட்டையாகக் கிடந்த துணியில் ஒரு வயிறும் இரண்டு முழங்காலும் வந்தன. சிற்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் இப்படியே கட்டித் தருவார்களா என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"முன்னமே கேட்டிருந்தா கட்டியே குடுத்திருப்போமே," என்றார் பெரியம்மா.

ஒரு மணி நேரத்தில் எங்கள் ஒரே வரிசை போய்விட்டது. உயரமானவள் படங்கு உயரத்தில், குட்டையானவள் படங்கு தாழ்வில். இது யாருடையது, அவள் எப்படி நிற்பாள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மாட்டினார்கள். சிற்பி ஏணியைப் பிடித்தபடி நின்றார். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

பிறகு ஆறு பேரும் தங்களுடைய ஆறையும் கழற்றி மடித்துக்கொண்டு பசறை பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். வெறுமையான ஆறு இடங்களிலும் "வேலைக்குப் போயிருக்கிறது" என்று சிற்பி மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டச் சொன்னார். அடுத்த நாட்களில் பார்க்க வந்தவர்கள் அந்த இடங்களில்தான் அதிக நேரம் நின்றார்கள்.

புதுசு புதன்கிழமைதான் வந்தது. நானே தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பெரியம்மா மலையில் இருந்தார். கட்டிப் பார்த்து, ரெண்டு மழை நனைந்தால்தான் இது மடங்கும் என்றார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அடுத்து என்னத்த மாட்டப் போற?"

இன்னும் முடிவு பண்ணவில்லை என்றேன்.

"பண்ணுனா சொல்லு. ஞாயித்துக்கெழமையா வச்சுக்க. நாங்க வாறோம்."

சொன்னபடி வந்தார்கள்.