அடிக்கு ஒன்றரைச் சட்டி

நான் சிமெண்ட் விற்பவன். செஞ்சி கடைத்தெருவில் சம்பந்தம் கடை என்றால் வழி காட்டுவார்கள். "இன்னும் பத்து மூட்டை சேத்து வாங்கிக்குங்க" என்று நான் வாயைத் திறந்தால் போதும், "உன் பொழப்பு அப்படி" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு ரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ரஞ்சிதம் சித்தாள். இருபது வருஷமாக வீராசாமி மேஸ்திரியிடம் சட்டி தூக்குகிறாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் தலையில் ஏறிப் போன கலவையில் எத்தனையோ வீட்டுத் தளம் நிற்கிறது. அவள் குடியிருந்ததோ, மழை வந்தால் குண்டான் குண்டானாக எடுத்து வைக்க வேண்டிய ஓட்டு வீடு. இந்த வருஷம்தான் அனந்தபுரம் சாலையில் சொந்தமாகச் சுவர் எழுப்பினாள். தளம் ஒன்றுதான் பாக்கி. வாழ்நாளில் அவளுக்கு அது ஒரே ஒரு தளம். ஒழுகினால் இடித்துவிட்டு இன்னொன்று போட அவளால் ஆகாது.

அவளுக்கு ஒரு பழக்கம். தலை சட்டியைச் சுமக்கும், வாய் பக்கத்துச் சித்தாளை வம்புக்கு இழுக்கும், மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு மூட்டை சிமெண்டில் கலக்கிற காங்கிரீட் பதினாறு சட்டி. ஐந்து அங்குலத் தளம் சதுர அடிக்கு ஒன்றரைச் சட்டி தின்னும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கழுத்து வலித்து வலித்துக் கற்றுக்கொண்டது.

தளம் போடுவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, கடைக்கு வந்தாள்.

"மொதலாளி, மேஸ்திரி எத்தினி மூட்டை சொல்லிக்கீறாரு?"

"நாப்பத்தஞ்சும்மா."

"இன்னாது! அறுபத்தஞ்சு ஏத்துங்க. ஊடு எனுது."

வீராசாமிக்குப் போன் போட்டேன். "சட்டி தூக்குறவ பேச்சக் கேட்டு லோடு ஏத்துவியா நீ? நாப்பத்தஞ்சுதான்" என்று வைத்துவிட்டார். மேஸ்திரி கோபித்துக்கொண்டால் அவர் கட்டுகிற வீடெல்லாம் எதிர்க் கடைக்குப் போய்விடும். எனக்குப் பயம். அவளிடம் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு நாற்பத்தைந்தே ஏற்றினேன். ஆமாம், நான்தான். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. அன்றைக்குக் கடைத்தெருவில் ஒரு சிமெண்ட் கடையும் திறக்காது.

"லோடக் கொறச்சு அனுப்பிட்டு நல்லாத் தூங்குறீங்களா மொதலாளி? இருவது மூட்டையோட வாங்க. நீங்க வர்றவரைக்கும் மிஷின் சுத்தாது."

குட்டி யானை வண்டியில் நானே மூட்டைகளைத் தூக்கிப் போட்டு ஓட்டிக்கொண்டு போனேன். முதுகு விட்டுப்போயிற்று. வேண்டும் எனக்கு.

அங்கே பூசை முடிந்து எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. ஜல்லியும் மணலும் தாராளமாகக் குவிந்திருந்தன. ஆட்கள் எல்லோரும் சும்மா நின்றார்கள். கலவை மிஷினின் தொட்டிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரஞ்சிதம் உட்கார்ந்திருந்தாள். வீராசாமி குதித்துக்கொண்டிருந்தார்.

"எறங்குடி! முப்பது வருசமா தளம் போடுறேன். எனக்கே கணக்கு சொல்றியா?"

"சொல்றேன். நீ எங்க நின்னு அளந்த?"

"ஊட்டுக்குள்ளதான். இருவது அடிக்கு இருவத்திநாலு அடி."

"உள்பூச்சுக்கா தளம் போடுற? தளம் செவுத்து மேலயும் உக்காருது, வெளியவும் நீட்டிக்கினு இருக்குது. மேல வந்து டேப்பு புடிண்ணே."

அவர் வரவில்லை. அவளே ஏணியில் ஏறினாள். இன்னொரு சித்தாள் அமிர்தவல்லி டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். தளத்துக்கு அடித்திருந்த பலகைமேல் நின்று ரஞ்சிதம் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: "இருவத்திநாலு! இருவத்தெட்டு! அடிக்கு ஒன்றரைச் சட்டின்னா ஆயிரத்து எட்டு சட்டி! அறுபத்திமூணு மூட்டை! சிந்துறதுக்கு ரெண்டு!"

"பத்தலன்னா பாத்துக்கலாம். மீதிய நாளைக்கு வாங்கி ஒட்டு போட்டுக்கலாம்" என்றார் வீராசாமி.

"ஒட்டா? மேல்சித்தாமூர்ல நீ ஒட்டு போட்ட ஊடு இன்னும் ஒழுவுது. அந்தக் கலவையத் தூக்கினதும் நான்தான்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "மிஷினையும் ஆளுங்களையும் கூட்டிக்கினு போயிடுவேன்."

"போ! தளம் அடுத்த மாசம் ஆவட்டும், அடுத்த வருசம் ஆவட்டும். இத்தினி நாளு நனஞ்சேன், இன்னும் நனையறேன். ஒட்டு போட்ட தளத்துக்குக் கீழ மட்டும் படுக்க மாட்டேன்."

சித்தாள்கள் ஆறு பேரும் சட்டியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் தூக்காமல் கலவை மேலே ஏறாதே! என் வண்டியிலிருந்து மூட்டையை இறக்கச் சொல்லி வீராசாமி வாயால் சொல்லவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். எனக்கு அது போதும்.

மிஷின் சுற்றியது. நாற்பத்தைந்தாவது மூட்டை தீர்ந்தபோது வீராசாமி மேலே நின்றிருந்தார். கிழக்குப் பக்கம் கால்வாசிக்கும் மேல் வெறும் கம்பியாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். ரஞ்சிதம் அவரைப் பார்த்தாள். அடுத்த சட்டியை நீட்டினாள்.

நாலு மணிக்கு முடிந்தது. அறுபத்துநாலு மூட்டை போயிருந்தது. ஓரிடத்தில்கூட ஒட்டில்லை. அமிர்தவல்லி கையைக்கூடக் கழுவாமல் ரஞ்சிதத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தளம் முடிந்ததும் வீட்டுக்காரர் மேஸ்திரிக்குப் புதுத் துண்டு போர்த்திவிட்டுத்தான் கறிசோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தட்டில் வெற்றிலை பாக்கோடு துண்டு இருந்தது. வீராசாமி குளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரஞ்சிதம் துண்டை எடுத்தாள், உதறினாள், தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள்.

"வா மேஸ்திரிண்ணே, மொத எல உனுக்குத்தான். கறி எவ்ளோ வேணுமோ கேட்டுத் துன்னு. துண்டு மட்டும் எனுது."