எட்டு மணிப் பூவுக்கு நான் அடித்த மருந்து

என் வீட்டுக்காரர் நான்கு மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகிற வழியில் உள்ளது எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டம். அங்கே அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஒரு குலை இடுப்பில் விழுந்து எலும்பு முறிந்தது. ஆப்பரேஷன் முடிந்து எலும்பும் கூடிவிட்டது. இனி உட்கார்ந்து, நடந்து பழக வேண்டும், இப்படியே கிடந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இவரோ உட்காரவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார். கெஞ்சினேன், திட்டினேன், சாமிக்கு நேர்ந்துகொண்டேன். திட்டியதுதான் அதிகம்.

தோட்டத்துச் சாலையோரம் எட்டு மணிப் பூச்செடி வரிசையாக நட்டிருக்கிறார்கள். அழகுக்காக இல்லை. அந்தப் பூவைத் தேடி வரும் குளவிகள் செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களை ஒழிக்குமாம். காலை எட்டு மணிவாக்கில் விரியும், உச்சி வெயிலுக்குள் சுருங்கிவிடும். நான் புல்லைச் சாகடிக்க மருந்தடிக்கிறவள். அந்தச் செடிமேல் ஒரு சொட்டு படக்கூடாது என்று எங்களை மேய்க்கிற மண்டோர் தினமும் கத்துவார். அதில் நாலு கிளையை ஒடித்து வந்து அவர் அறை ஜன்னலுக்குக் கீழே நட்டேன். எதற்கு நட்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மண் சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

முதல் பூ விரிந்த காலையில் அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. அன்று ஊட்டிய கஞ்சி உள்ளே இறங்கியது. அப்புறம் தினமும் எட்டு மணிக்குக் காத்திருப்பார். வேலைக்கு நடுவில் ஓடிவந்து ஊட்டிவிட்டுப் போவேன். எனக்கு ஆத்திரம்கூட வந்தது. இருபது வருடமாக எதிரே நிற்கிறேன், என் முகத்தைப் பார்த்து ஒரு வாய் இறங்கவில்லை, இந்தப் பூவைப் பார்த்து இறங்குகிறதே! வயிறு மட்டும்தான் பசிக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அப்போதுதான் தண்ணீர் வெட்டு வந்தது. மூன்று நாள் குழாயில் காற்றுதான். செடி வாடுவதைப் பார்க்க முடியவில்லை. டிரம்மில் இருந்த கொஞ்சத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றினால் வீணாகும், பம்பில் அடித்தால் சிக்கனம் என்று என் மூளை வேலை செய்தது. முதுகில் மாட்டுகிற மருந்துப் பம்பை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மூன்று முறை அலச வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம். தண்ணீருக்குப் பயந்து ஒரே முறை அலசினேன்.

அடித்து முடித்தபின்தான் இலையில் அந்த மருந்து வாடை அடித்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றி ஒவ்வோர் இலையாகக் கழுவினேன். களைக்கொல்லியின் வேகம் எனக்கு அத்துப்படி. மறுநாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் நுனி மஞ்சளாகும். அதற்குப் பிறகு எந்த வைத்தியத்துக்கும் கேட்காது.

மறுநாள் பூ விரிந்தது. அவர் சாப்பிட்டார். இன்னும் இரண்டு நாள்தான் இந்த மனுஷன் சாப்பிடுவார் என்று நினைத்தபோது கரண்டி அவர் பல்லில் இடித்தது. இரண்டாம் நாளும் விரிந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். ஒருவரைப் பார்த்துப் பார்த்து இப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் எட்டு மணி ஆனது. எட்டரையும் ஆனது. மஞ்சள் ஓடிய இலைகளுக்கு நடுவே ஒரு மொட்டும் வாய் திறக்கவில்லை.

"வெயில் பத்தல லா, அதான்" என்றேன் அவரிடம்.

முப்பது வருடம் தோட்டத்தில் உழைத்த இந்த மனுஷனிடமே போய் இந்தக் கதையைச் சொன்னேன்.

"மருந்து பட்டிருக்கு" என்றார்.

"நான்தாங்க அடிச்சேன். தண்ணி ஊத்தறேன்னு நெனச்சி, பம்ப சரியா அலசாம..."

அழுதேன். இனி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், பிறகு யாராலும் திருப்ப முடியாது என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "தண்டக் கீறிப் பாரு, உள்ள பச்ச இருக்கானு" என்றார்.

ஓடிப்போய் நகத்தால் கீறினேன். கண்ணீரில் பச்சையும் தெரியவில்லை, மஞ்சளும் தெரியவில்லை.

"தெரியலங்க!"

"ஒன்னால ஆவாது. என்னத் தூக்கு, நானே பாக்குறேன்."

பக்கத்து வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். இருவருமாகத் தாங்கிப் பிடித்து அவரை ஜன்னலை ஒட்டிய பின்வாசல் படியில் உட்கார வைத்தோம். வலியில் பல்லைக் கடித்தபடி அவர் குனிந்து, ஒரு தண்டை எட்டிப் பிடித்துக் கீறினார்.

உள்ளே பச்சை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. நான்கு மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்த முதுகு எந்த நிமிடமும் சாய்ந்துவிடுமோ என்று பயந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.