குடிதண்ணீரைக் கொட்டிய மலைக்காரர்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் அகஸ்டினை எல்லாரும் இஞ்சின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலை இஞ்சினோடு மல்லுக்கட்டியே வயதைப் போக்கிய மனிதர். கடலைக் கண்ணால் கண்டதில்லை. அப்படிப்பட்டவர் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ஒரு சின்ன மோட்டார் படகில் ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் தாண்டினார் என்றால் சும்மாவா? எல்லாம் பிலோமிக்காக.

பிலோமி அவர் மனைவி. மலேரியாக் காய்ச்சலில் தொழிலாளர் லயத்து வீட்டில் சுருண்டு கிடந்தாள். அதைத் தீர்க்கும் கொயினா மாத்திரை தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் இல்லை, கீழே தாப்பா டவுனிலும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் எப்போதோ ஓடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரும் கையை விரித்துவிட்டார். ரிங்லெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முகம்மது கனிதான் வழி சொன்னார்.

"எம் மச்சான் உமர் பாகான் டத்தோ கடற்கரையில மோட்டார் போட்டு ஒண்ணு வச்சிருக்காரு. சுமத்திராவுக்குப் போயி சாமான் மாத்திட்டு வர்றாரு. இஞ்சின் பாத்த ஆள ஜப்பான்காரனுங்க சயாம் ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க. நீங்க போங்க லா. கொயினா அங்க கெடைக்கும்."

போனார். போகும்போது ஒரு குறையும் இல்லை. கொண்டுபோன தேயிலைக்கு அக்கரையில் அரிசியும் உப்பும், சின்னப் புட்டி ஒன்றில் கொயினாவும் கிடைத்தன. புட்டியைக் கைலி மடியில் முடிந்துகொண்டார்.

வினை திரும்பும்போதுதான் வந்தது. படகில் இரண்டு தகரம். ஒன்றில் இஞ்சினுக்கு எண்ணெய், மற்றதில் குடிதண்ணீர். மலையில் எவன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடப்பான்? வளைவுக்கு வளைவு பாறை ஒழுகும், குனிந்தால் குடிக்கலாம். எண்ணெய் தீர்ந்தால் அல்லவா ஆபத்து என்று யோசித்த நம் இஞ்சின்காரர், கிளம்புமுன் அக்கரையிலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தத் தகரத்திலும் எண்ணெயை நிரப்பி வைத்தார். பெரிய சாமர்த்தியம்தான், போங்கள்.

கரை மறைந்து வெகுநேரம் கழித்து, சுக்கான் பிடித்திருந்த உமர் தண்ணீர் கேட்டார்.

"அதுல எண்ணெ ஊத்திட்டேன் பாய். சுத்தியும் தண்ணிதானே, மொண்டு குடிங்க."

உமர் ஒரு கையால் கடலைக் காட்டினார். "நீங்க மொதல்ல குடிங்க," என்றார்.

அகஸ்டின் இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டார். குடலே வெளியே வந்துவிடும்போல் ஓங்கரித்தார். கடல் உப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறார்தான். ரசத்தில் உப்புக் கூடினமாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தார்.

"மலையிலேர்ந்து எனக்குன்னு ஒரு ஆள எறக்கி விட்டானே எம் மச்சான்," என்று தொடங்கிய உமர், அகஸ்டினின் தலைமுறையையே இழுத்துத் திட்டினார். பாதியில் நிறுத்தினார். தூரத்தில் ஜப்பான்காரனின் ரோந்துப் படகு விளக்கு.

பிடிபட்டால் தலை தப்பாது. பிலோமியும் தப்பமாட்டாள். உமர் படகை ஆழ்கடல் பக்கம் திருப்பி விரட்டினார். விளக்கு மறைந்தபோது கரை எந்தப் பக்கம் என்பதே புரியவில்லை. விடிந்து, சூரியனைப் பார்த்துத் திசை பிடித்தார்கள். முதல் தகரம் காலியானது. இரண்டாவதைத் திறந்தார்கள். வெயில் ஏற ஏற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன் தாகத்தைவிட, தன்னால் இந்த மனிதர் வாடுகிறாரே என்பதுதான் அகஸ்டினை அறுத்தது. மடியிலிருந்த புட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தென்னந்தோப்பு தெரிந்து, படகு சேற்றில் தட்டி நின்றபோது இரண்டாவது தகரமும் ஏறக்குறைய காலி. உமரின் மனைவி மைமூன் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். உமர் வாங்கினார், குடிக்கவில்லை. அகஸ்டின் கையில் கொடுத்தார்.

"ராத்திரி திட்டுனது தண்ணிக்கி. இது எண்ணெக்கி. குடிங்க."

அகஸ்டின் அழுதுகொண்டே குடித்தார்.

கொயினா மலையேறியது. பிலோமியின் காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் காலையில் அவளே கஞ்சி கேட்டாள்.

ஜப்பான் சண்டை முடிந்து பங்குச் சாமியார் மறுபடியும் தோட்டத்து வேதக் கோயிலுக்கு வந்தபோது, அகஸ்டின் முதல் ஆளாகப் போய் ஒரு நன்றிப் பூசை கேட்டார். உமர் பெயருக்கு.

"உமரா? ஞானஸ்நானப் பேரு என்ன?" என்று சாமியார் கேட்டார்.

பின்னால் நின்ற பிலோமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"அதுதாங்க பேரு, சாமி. அந்தப் பாய் இல்லாட்டி, இன்னிக்கி நீங்க எனக்குத்தான் செத்தவங்க பூசை வச்சிருப்பீங்க."

பூசை நாளில் சாமியார் பீடத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி உமர் என்று வாசித்தார்.