பிறந்த வீட்டுச் சீதனம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, எனக்குச் சபை நடுவே நின்று பேசிப் பழக்கமில்லை. களைத்துப்போனவள். உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மயிலாப்பூர்த் தெருவுக்கு மின்சார விளக்கு வந்த வருஷம் அது. என் மூத்தவன் சாமுவேலுக்கு நாலு வயது. இருமினாலும் அழுதாலும் அவன் கவட்டில் ஒரு வீக்கம் புடைக்கும். படுக்கவைத்துத் தடவினால் உள்ளே போய்விடும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் என் அப்பாவுக்கும் இதே குடலிறக்கம்தான். கத்திக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தார். ஒரு நாள் இறங்கிய குடல் மேலே ஏறவில்லை. வாந்தி எடுத்தே போய்ச் சேர்ந்தார். என் அண்ணனும் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறான்.

என் மாமியார் அதற்கு ஒரு பெயர் வைத்தார். "நகை நட்டுதான் இல்ல, இத்தயாவது சீதனமா கொண்டாந்தாளே" என்று குழாயடியில் நாலு பேர் காதுபடச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வேறென்ன செய்ய? மாமனார் காய்ச்சலில் போனவர் என்றுதான் கல்யாணமானது முதல் கேட்டிருக்கிறேன். ஆக, பழி முழுக்க என் பிறந்த வீட்டுக்குத்தான்.

தினமும் ஜெபித்தேன். "ஆண்டவரே, என் வழியாக வந்ததை நீரே எடுத்துப்போடும்." வீக்கம் போகவில்லை. பிள்ளையை அழவிடாமல் பார்த்துக்கொள்வதே என் வேலையாயிற்று. கேட்டதெல்லாம் கொடுத்தேன், இடுப்பைவிட்டு இறக்கவில்லை. ஜெபத்தில் முழங்காலில் நின்றபடியே தூங்கியும் இருக்கிறேன். ஒளிப்பானேன்?

லெந்து உபவாச நாட்களில் ஒரு மத்தியானம் அந்த வீக்கம் உள்ளே போக மறுத்துவிட்டது. கல்லாக இறுகிவிட்டது. பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தான். அப்பாவின் கடைசி நாள் என் கண் முன்னால் வந்து நின்றது. என் கணவர் டிராம் ஓட்டப் போயிருந்தார். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே, "கத்தி வெச்சா புள்ள பொழைக்காது" என்பார் மாமியார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. "முடியல ஆண்டவரே, நீரே பேசும்" என்றேன். அன்று நான் செய்த ஜெபம் அவ்வளவுதான்.

மாமியார் வந்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஓடு, ஜட்கா வண்டிய கூப்புடு!" என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்துச்சா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அப்பாவுக்கு... அண்ணனுக்கும் கீது" என்றேன். இங்கேயும் சீதனப் பேச்சு வரும் என்று காத்திருந்தேன்.

மாமியார் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "என் வூட்டுக்காரருக்கும் இருந்துச்சு டாக்டரய்யா. அதுலதான் செத்தாரு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு காச்சல்னு சொல்லிட்டோம்."

"ரெண்டு பக்கமுமா? சில குடும்பங்கள்ல பொறப்புலயே வர்ற பலவீனம்மா இது. யார் மேலயும் தப்பில்ல. அடுத்த குழந்தைக்கும் வரலாம். வீக்கத்தைப் பார்த்தா இறுகறதுக்கு முன்னாடியே கொண்டாங்க."

பிள்ளையை உள்ளே எடுத்துப்போனார்கள். வராந்தாவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மாமியார் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவர் சுபாவமில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழவும் தெம்பில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் டாக்டர் வந்து, பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டாவது மகனுக்கும் அதே வீக்கம் வந்தது. உடனே கொண்டுபோனோம், அவனும் சுகமாக இருக்கிறான். குழாயடியில் ஒருத்தி, "இதுவும் மருமவ சீதனமா?" என்று கேட்டாளாம். "எங்க வூட்டுதுந்தான், இன்னா இப்போ?" என்று என் மாமியார் குடத்தை ணங்கென்று வைத்தாராம். நான் பண்ணிய ஜெபத்துக்கு இப்படியும் ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. கர்த்தருக்கு நன்றி.

கடைசி வரிசையில் கவட்டை அழுத்திக்கொண்டே இருமுகிற அண்ணன்மாரே, உங்களை நான் கவனிக்காமல் இல்லை. ஜெபம் பண்ணுங்கள். வார்த்தை வராவிட்டால், முடியல என்றாவது அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஜட்காவைக் கூப்பிடுங்கள்.